வயர்லெஸ் இல்லாத கப்பல்: 1914 பனிப்புயலின் கதை

காஸ்ட் அக்கவுண்டிங் வகுப்பில் எங்களுக்கு முதலில் சொல்லித் தருவது இதுதான்: ஒரு செலவு வருமானத்தைக் கூட்டவில்லை என்றால் அதை வெட்டு. பரீட்சையில் எழுதினால் மார்க் கிடைக்கும். ஆனால் இதே விதியை ஒரு கப்பல் முதலாளி நடைமுறைப்படுத்தியதால் 78 பேர் பனியில் விறைத்துச் செத்த கதை ஒன்று இருக்கிறது. படித்த நாளிலிருந்து மனசை விட்டுப் போகவில்லை. அதனால்தான் இந்தக் கட்டுரை.

இடம் நியூஃபவுண்ட்லாந்து. வட அமெரிக்காவின் கிழக்கு ஓரத்தில், அட்லாண்டிக் கடலில் இருக்கும் பெரிய தீவு. இன்று கனடாவின் பகுதி. 1949ல்தான் கனடாவோடு சேர்ந்தது. 1914ல் பிரிட்டிஷ் சாம்ராஜ்யத்துக்குள் தனி ஆட்சி நடத்திய நாடு. வடக்கே இருந்து வரும் லாப்ரடார் நீரோட்டம் குளிர்காலக் கடைசியில் பனிப்பாளங்களை இந்தத் தீவின் வடகிழக்குக் கரை வரை தள்ளிக்கொண்டு வரும். தெற்கே கல்ஃப் ஸ்ட்ரீம் என்ற வெந்நீரோட்டம். சூடும் குளிரும் இவ்வளவு பக்கத்தில் சந்தித்தால் என்ன ஆகும்? நம் ஊரில் பங்குனி வெயில் சுட்டெரிக்கும் நேரத்தில் அங்கே பனிப்புயல் அடிக்கும்.

அந்தப் பனிப்பாளங்களின் மேல்தான் சீல் என்கிற கடல்நாய்கள் குட்டி போடும். குட்டிகளின் கொழுப்பில் எண்ணெய் எடுப்பார்கள், தோல் வியாபாரத்துக்குப் போகும். மீன்பிடி இல்லாத அந்த மாதங்களில் ஏழை மீனவனுக்குக் கையில் காசு பார்க்க இருந்த வழி இந்த வேட்டைதான். வருஷா வருஷம் மார்ச் மாதம் ஆயிரக்கணக்கானவர்கள் கப்பல் ஏறினார்கள்.

அவர்களுக்குச் சம்பளம் கிடையாது, பங்குதான். பிடித்ததன் மதிப்பில் மூன்றில் ஒரு பங்கை ஆட்கள் எல்லோரும் பிரித்துக்கொள்ள வேண்டும். மிச்சம் முதலாளிக்கு. இன்னொரு வேடிக்கையும் உண்டு. புறப்படும் முன் கத்தி, காலணி மாதிரி சாமான்களை 9 டாலருக்குக் கடனாகக் கொடுப்பார்கள், கணக்குத் தீர்க்கும்போது 12 டாலர் பிடித்துக்கொள்வார்கள். சில வாரக் கடனுக்கு 33 சதவீதத்துக்கும் மேல்! நம்மூர் கந்துவட்டிக்காரர்கள் இதைக் கேட்டால் எழுந்து நின்று கும்பிடுவார்கள்.

சரி, கதைக்கு வருவோம்.

1914ல் வேட்டைக்குப் போன கப்பல்களில் ஒன்றின் பெயரும் 'நியூஃபவுண்ட்லாந்து'தான். 1872ல் கட்டிய பழைய மரக்கப்பல். கேப்டன் வெஸ்ட்பரி கீன், வயது 29. இவருடைய அப்பா ஏப்ரம் கீன் அந்த நாட்டிலேயே பேர் போன சீல் வேட்டைக் கேப்டன். அவர் கையில் 'ஸ்டெஃபனோ' என்ற புத்தம்புது இரும்புக் கப்பல். இரண்டும் வெவ்வேறு கம்பெனிக் கப்பல்கள். ஆனாலும் அப்பாவும் பிள்ளையும் ரகசியமாக ஒரு ஏற்பாடு செய்துகொண்டார்கள். அப்பா சீல் கூட்டத்தைப் பார்த்துவிட்டால் கப்பலின் பின்பக்கத்து டெரிக்கைத் தூக்கி நிறுத்துவார், பிள்ளை புரிந்துகொள்ள வேண்டும்.

கொடி மாதிரி டெரிக்கைத் தூக்கிக் காட்டுவானேன், வயர்லெஸ்ஸில் சொல்லலாமே என்று கேட்பீர்கள். ஸ்டெஃபனோவில் வயர்லெஸ் இருந்தது. நியூஃபவுண்ட்லாந்து கப்பலிலும் முன்பு இருந்தது. அதனால் கூடுதலாகச் சீல் கிடைக்கவில்லை, வீண் செலவு என்று முதலாளிகள் கழற்றிவிட்டார்கள். இத்தனைக்கும் அட்லாண்டிக்கைத் தாண்டி வந்த முதல் வயர்லெஸ் சமிக்ஞையை 1901 டிசம்பரில் மார்க்கோனி கேட்டது இதே தீவின் தலைநகரான செயின்ட் ஜான்ஸில், சிக்னல் ஹில் என்ற குன்றின் மேல். டைட்டானிக் மூழ்கி வயர்லெஸ்ஸால் 700 பேருக்கு மேல் பிழைத்து இரண்டு வருஷம்கூட ஆகவில்லை.

மார்ச் 30. ஸ்டெஃபனோவில் டெரிக் உயர்ந்தது. ஆனால் பிள்ளையின் மரக்கப்பல் பனியில் சிக்கி நகர முடியாமல் பல மைல் தள்ளி நின்றது. மறுநாள் காலை வெஸ்ட்பரி தன் ஆட்கள் 166 பேரை இறக்கி, பனிமேல் நடந்தே அப்பா கப்பலுக்குப் போகச் சொன்னார். தலைமை ஜார்ஜ் டஃப். வழியில் வானத்தைப் பார்த்த 34 பேருக்கு ஏதோ சரியில்லை என்று பட்டது, திரும்பிவிட்டார்கள். மீதி 132 பேர் நான்கு மணி நேரத்துக்கும் மேல் நடந்து ஸ்டெஃபனோவை அடைந்தார்கள்.

ஏப்ரம் கீன் அவர்களுக்கு டீயும் கெட்டி ரொட்டியும் கொடுத்தார். இரண்டு மைல் போல கப்பலில் கொண்டுபோய் மறுபடியும் பனியில் இறக்கிவிட்டார். சீல்களை அடித்துவிட்டு உங்கள் கப்பலுக்கே போய்ச் சேருங்கள் என்பது உத்தரவு. அப்போதே பனி தூற ஆரம்பித்திருந்தது. ஜார்ஜ் டஃப் 1898ல் 'கிரீன்லாந்து' என்ற கப்பலின் ஆட்கள் 48 பேர் இதே மாதிரி பனியில் செத்தபோது பிழைத்து வந்தவர். என்ன நடக்கும் என்று அவரைவிட யாருக்குத் தெரியும்? ஆனாலும் அந்தப் பெரிய கேப்டனை எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லை.

அதன்பிறகு நடந்தது ஒரே ஒரு தப்பெண்ணம், ஆனால் இரண்டு பக்கமும். ஆட்கள் தங்கள் கப்பலுக்குப் போய்விட்டார்கள் என்று அப்பா நினைத்தார். ஆட்கள் அப்பா கப்பலில் பத்திரமாகத் தூங்குகிறார்கள் என்று பிள்ளை நினைத்தார். இரண்டு கப்பலுக்கும் நடுவில், புயலில், 132 பேர். 'வந்துவிட்டார்களா?' என்று கேட்க ஒரு வயர்லெஸ் போதும். அதுதான் கழற்றப்பட்டிருந்ததே.

வேகமாக நடக்க வேண்டும் என்பதால் யாரிடமும் கனமான கோட்டு இல்லை. பையில் கொஞ்சம் ரொட்டி. முதல் ராத்திரி மழையும் பனியுமாகக் கொட்டி உடம்பெல்லாம் நனைத்தது. பிறகு காற்று வடக்குப் பக்கம் திரும்பியது, நனைந்த துணி அப்படியே உறைந்தது. பனிக்கட்டிகளை அடுக்கிச் சின்னச் சுவர் எழுப்பிப் பார்த்தார்கள். உட்கார்ந்தால் சாவு என்று தெரிந்து விடிய விடிய நடந்துகொண்டே இருந்தார்கள். எட்வர்ட் டிப்பெட் என்பவர் தன் இரண்டு மகன்களையும் ஆளுக்கொரு கையால் அணைத்தபடியே விறைத்துப்போனார்.

ரூபன் க்ரூ என்று ஒருவர். 1911ல் ஒரு கப்பல் மூழ்கியதில் பிழைத்து, இனி இந்த வேட்டைக்கே போவதில்லை என்று இருந்தவர். 16 வயது மகன் ஆல்பர்ட் ஜான் போயே தீருவேன் என்று அடம் பிடித்ததால், அவனைத் தனியாக அனுப்ப மனமில்லாமல் கூடவே வந்தார். மகனின் தலையைத் தன் சட்டைக்குள் இழுத்து அணைத்துக்கொண்ட நிலையிலேயே இருவரும் இறந்தார்கள். இந்த இடத்தைப் படிக்கும்போது எனக்கு என் அப்பா ஞாபகம் வந்தது. அவ்வளவுதான் சொல்ல முடியும்.

இரண்டு ராத்திரிகள் இப்படி. ஏப்ரல் 2 காலையில் வெஸ்ட்பரி கீன் தன் கப்பலிலிருந்து தூரத்தில் தள்ளாடிக்கொண்டு வரும் உருவங்களைப் பார்த்தார். தன் ஆட்கள்தான் என்று அப்போதுதான் புரிந்தது. 'பெல்லவென்ச்சர்' என்ற கப்பல் உயிரோடு இருந்தவர்களையும் 69 உடல்களையும் ஏற்றிக்கொண்டு செயின்ட் ஜான்ஸ் வந்து சேர்ந்தது. சில உடல்கள் கிடைக்கவே இல்லை. மொத்தம் 78 பேர் பலி.

கொடுமை இதோடு முடியவில்லை. அதே புயலில் 'சதர்ன் கிராஸ்' என்ற இன்னொரு சீல் கப்பல், வேட்டை முடித்து வீடு திரும்பும் வழியில், 170க்கும் மேற்பட்டவர்களோடு காணாமல் போனது. அந்தக் கப்பலிலும் வயர்லெஸ் இல்லை. மார்ச் 31 அன்று தீவின் தென்கரை அருகே ஒரு பயணிகள் கப்பல் பார்த்ததுதான் கடைசி. 1898ல் போர்ச்கிரெவிங்க் என்பவரின் குழுவை அன்டார்டிகாவுக்கே கொண்டுபோய்க் கூட்டிவந்த கப்பல் அது! சொந்த ஊர்க் கரையில் தொலைந்துபோனது.

விசாரணைக் கமிஷன் உட்கார்ந்தது. ஏப்ரம் கீன் கணிப்பில் தவறு செய்துவிட்டார் என்று பெரும்பான்மை உறுப்பினர்கள் சொன்னார்கள். ஆனால் யார் மீதும் குற்ற வழக்கு இல்லை. மீனவர் சங்கத் தலைவர் வில்லியம் கோக்கர் அவரைக் கைது செய்யச் சொல்லிப் போராடிப் பார்த்தார், நடக்கவில்லை. சீல் கப்பல்களில் வயர்லெஸ் கட்டாயம் என்று பிறகு சட்டம் வந்தது. ஏப்ரம் கீன் தொடர்ந்து வேட்டைக்குப் போனார். 1934ல் பத்து லட்சம் சீல் பிடித்த கேப்டன் என்று பாராட்டி விருதும் கொடுத்தார்கள்.

இப்போது அந்தக் கணக்குக்கே திரும்பி வருகிறேன். முதலாளிகள் கேட்ட கேள்வி, 'வயர்லெஸ் வைத்தால் கூடுதலாக எத்தனை சீல் கிடைக்கும்?' கணக்குப் போட்டதில் தப்பே இல்லை, விடை சரியானதுதான். கேள்விதான் தப்பு. ஆட்களுக்குச் சம்பளம் இல்லை, பங்குதான் என்பதால் அவர்கள் உயிர் எந்தப் பக்கத்திலும் பதிவாகவில்லை. புயலை யாராலும் நிறுத்த முடியாது. ஆனால் புயலில் நிற்பவன் எங்கே இருக்கிறான் என்று கேட்க முடியும். அந்த வசதியைத்தான் வீண் செலவு என்று எழுதினார்கள்.

ரூபன் க்ரூவின் ஊரான எலிஸ்டனில் இன்று கடலைப் பார்த்தபடி ஒரு சிலை இருக்கிறது. ஒரு அப்பா, மகனைக் கட்டிப் பிடித்தபடி. பக்கத்தில் செத்தவர்களின் பெயர்ப்பட்டியல். அடுத்த முறை வகுப்பில் 'தேவையற்ற செலவு' என்று எழுதும்போது, இது யாருக்குத் தேவையற்றது என்று ஒரு தரம் யோசித்துவிட்டு எழுதலாம் என்றிருக்கிறேன்.