ஒரே ஒரு எழுத்து மாறினால்..?

ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்ல "சிக்கிள் செல்"னு வந்தா என்ன அர்த்தம்? இதை முழுசா புரிஞ்சுக்க மருத்துவ உலகத்துக்கு ஐம்பது வருஷத்துக்கு மேல ஆச்சு. அந்த வரலாறுதான் இந்த த்ரெட்.

1910. சிகாகோ மருத்துவர் ஜேம்ஸ் ஹெரிக் ஒரு கட்டுரை எழுதுகிறார். கிரெனடா தீவிலிருந்து பல் மருத்துவம் படிக்க வந்த இளைஞருக்குக் கடுமையான ரத்தசோகை. மைக்ராஸ்கோப்பில் பார்த்தால், வட்டமாக இருக்க வேண்டிய சிவப்பணுக்கள் சில கதிரரிவாள் மாதிரி வளைந்திருந்தன. ஏன்னு தெரியல.

1949. லைனஸ் பாலிங் குழு, அந்த நோயாளிகளின் ஹீமோகுளோபினில் மின்சாரம் செலுத்திப் பார்த்தது. அது சாதாரண ஹீமோகுளோபினை விட வேறு மாதிரி நகர்ந்தது. ஆக, கோளாறு புரதத்திலேயே இருக்கு!

1956-57. கேம்பிரிட்ஜில் வெர்னான் இங்க்ராம் அந்தப் புரதத்தைத் துண்டு துண்டாக்கி ஒப்பிட்டார். பீட்டா சங்கிலியில் மொத்தம் 146 அமினோ அமிலங்கள். அதில் 6-வது இடத்தில் குளூட்டாமிக் அமிலத்துக்குப் பதில் வேலின் உட்கார்ந்திருந்தது. வித்தியாசம் அவ்வளவுதான்.

சரி, அந்த ஒன்று எப்படி மாறியது? இதற்கு செல்லுக்குள்ள போகணும்.

நம்ம ஆஸ்பத்திரி ரெக்கார்ட் ரூமை நினைச்சுக்கோங்க. அசல் ஃபைல் வெளியே போகாது, நகல்தான் போகும். டிஎன்ஏ அசல் ஃபைல். எம்ஆர்என்ஏ நகல். அந்த நகலை மூன்று மூன்று எழுத்தாகப் படித்து, அமினோ அமிலங்களை வரிசையாகக் கோர்த்துப் புரதம் செய்வது ரைபோசோம்.

ஆனா எந்த மூன்று எழுத்துக்கு எந்த அமினோ அமிலம்? 1961-ல் அமெரிக்காவில் நிரென்பெர்க்கும் மத்தேயும் 'யு' எழுத்து மட்டுமே உள்ள செயற்கை ஆர்என்ஏவைக் கொடுத்தார்கள். ஃபினைல்அலனின் மட்டுமே கொண்ட சங்கிலி வந்தது. முதல் சொல் புரிஞ்சிடுச்சு! பஞ்சாபின் ராய்ப்பூர் கிராமத்தில் பிறந்த ஹர் கோவிந்த் கொரானா, எழுத்து வரிசை தெரிந்த ஆர்என்ஏக்களைத் தயாரித்து மேலும் பல சொற்களை உறுதி செய்தார். 1966-க்குள் 64 சொற்களும் தெளிவாகின. 1968-ல் நிரென்பெர்க், கொரானா, ஹோலி மூவருக்கும் நோபல்.

இப்ப விடை கிடைச்சாச்சு. நகலில் 'ஜிஏஜி' என்றால் குளூட்டாமிக் அமிலம். 'ஜியுஜி' என்றால் வேலின். ஒரே ஒரு எழுத்து! அதனால் ஆக்சிஜன் குறையும்போது ஹீமோகுளோபின்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், சிவப்பணு வளையும், சின்ன ரத்தக்குழாய்கள் அடைபடும். தாங்க முடியாத வலி வரும்.

இது எங்கேயோ நடக்கிற கதை இல்லீங்க. 1952-லேயே லேமனும் கட்புஷும் நீலகிரி பழங்குடி மக்களிடம் இந்த மாற்றத்தைக் கண்டு பதிவு செய்தார்கள். 2023-ல் ஒன்றிய அரசு இதற்கென்றே ஒரு தேசியத் திட்டம் தொடங்கியது. 2047-க்குள் ஒழிப்பது இலக்கு.

நீங்க தெரிஞ்சுக்க வேண்டியது இதுதான்:

பெற்றோரில் ஒருவரிடமிருந்து மட்டும் இந்த மரபணு வந்தால் 'கேரியர்'. பெரும்பாலும் தொந்தரவு இருக்காது. ஆனா கணவன் மனைவி ரெண்டு பேருமே கேரியர்னா, ஒவ்வொரு கர்ப்பத்திலும் குழந்தைக்கு நோய் வர 25% வாய்ப்பு. சாதாரண ரத்தப் பரிசோதனையிலேயே இதைக் கண்டுபிடிக்கலாம். குடும்பத்தில் யாருக்காவது இருந்தா, கல்யாணத்துக்கு முன்னாடியே பார்த்துடுங்க.

இது யார் செய்த பாவமும் இல்லை, சாபமும் இல்லை. அந்தக் குழந்தை வலிக்குதுன்னு அழுதா, "நடிக்குது"ன்னு சொல்லாதீங்க. உடனே ஆஸ்பத்திரிக்கு கூட்டிட்டு வாங்க.