மரத்தில் ஏறிய இளவரசியும் மரத்தை எரித்தவர்களும்

போன வருசம் ஹபரணைப் பக்கம் ஒரு மரவீட்டு விடுதியில் நாங்கள் ஐந்துபேர் காசு சேர்த்து ஒரு இரவு தங்கினோம். திரும்பி வந்து படங்களைக் காட்டினபோது, வன்னியில் சேனை செய்த எங்கட நண்பனின்ர அம்மம்மா சிரிச்சுப்போட்டுச் சொன்னா: "நாங்கள் ஆனைக்குப் பயந்து பரணில படுத்தம். நீங்கள் காசு குடுத்துப் படுத்திட்டு வாறியள்."

அதுக்குப் பிறகுதான் யோசிச்சோம்: காவலுக்குக் கட்டின பரண் எப்ப விடுதியானது? தேடிக்கொண்டு போனால், உலகத்தில் அதிகம் பேசப்பட்ட மரவிடுதி கென்யாவில் நிற்குது. அதின்ர கதை எங்கட நாட்டையும் ஒரு ஓரத்தில் தொட்டுக்கொண்டு போகுது.

அபடேர் மலைக்காடு, நியேரி நகருக்குக் கிட்ட. பூமத்தியரேகைக்குப் பக்கம் எண்டாலும் உயரம் காரணமாக இரவில் குளிரும். அங்க ஹோட்டல் நடத்திய எரிக் ஷேர்புரூக் வாக்கர் எண்ட ஆங்கிலேயர் 1932இல் பெரியதொரு அத்திமரத்தில் இரண்டு அறைகளைக் கட்டினார். பெயர் ட்ரீடொப்ஸ். கீழே நீர்க்குட்டை. இரவில் யானையும் காண்டாமிருகமும் உப்புமண் தின்ன வரும், விருந்தினர்கள் மேலே இருந்து பார்ப்பார்கள். காட்டுவழியில் துவக்குக்காரர் ஒருவர் கூட வருவார். யானை துரத்தினால் ஏறித் தப்ப வழிநெடுக மரங்களில் ஏணிப்படி அடிச்சிருந்தது.

அந்த அத்திமரத்துக்குக் கிகூயூ மக்கள் முகுமோ எண்டு சொல்லுவார்கள். அவர்களுக்கு அது சும்மா மரமில்லை. அதின்ர நிழலில் கடவுளை வணங்குவார்கள். எங்கட ஊரில் அரசமரத்துக்கு மேல ஆரும் விடுதி கட்டினால் எப்படி இருக்கும் எண்டு நினைச்சுப் பாருங்கோ.

மத்திய கென்யாவின் நல்ல மேட்டுநிலங்களை அரசு வெள்ளைக் குடியேறிகளுக்கு ஒதுக்கியிருந்தது. சொந்த நிலத்தை இழந்த கிகூயூக்கள் பலர் அந்தத் தோட்டங்களிலேயே கூலிக்கு நின்றார்கள்.

1952 பெப்ரவரி 5ஆம் திகதி, 25 வயது இளவரசி எலிசபெத்தும் கணவரும் ட்ரீடொப்ஸில் ஏறினார்கள். கென்யாவில் இருந்து கப்பலில் இலங்கைக்கு வந்து, பிறகு அவுஸ்திரேலியா, நியூசிலாந்து போவதுதான் அவர்களின் பயணத் திட்டம். யானைகளை அவர் படம் பிடிச்சார். பக்கத்தில் காவலுக்கு இருந்தவர், புலிவேட்டைக் கதைகளால் நாங்கள் அறிந்த ஜிம் கோர்பெட். இந்தியா சுதந்திரமடைந்த 1947இலேயே அவர் நியேரிக்குக் குடிபெயர்ந்திருந்தார். அண்டைக்கு இரவு லண்டனுக்கு வடக்கே, சாண்ட்ரிங்ஹாமில், ஆறாம் ஜோர்ஜ் மன்னர் நித்திரையிலேயே இறந்துபோனார்.

இளவரசியாய் ஏறியவர் அரசியாய் இறங்கினார் எண்டு கோர்பெட் விருந்தினர் பதிவேட்டில் எழுதிவைக்க, ஹோட்டலுக்கு அதைவிட நல்ல விளம்பரம் தேவைப்படவில்லை. உண்மையில் மரத்தில் வைத்து அவருக்கு ஒண்டும் தெரியாது. காலையில் இறங்கி சகானா விடுதிக்குப் போய், பின்னேரம்தான் கணவர் மூலம் செய்தியை அறிந்தார். கென்யாவுக்கு மட்டுமில்லை, இலங்கைக்கும் அவர் அரசியானது அந்தப் பெப்ரவரி 6ஆம் திகதிதான். 1972இல் குடியரசாகும்வரை எங்களுக்கும் அவர்தான் அரசி. சுதந்திரம் கிடைச்சது 1948இல் எண்டு பள்ளிக்கூடத்தில் படிச்ச எங்களுக்கு இது கொஞ்சம் விசித்திரமாகத்தான் இருந்தது.

அதே ஆண்டு ஒக்ரோபரில் கென்யாவில் அவசரகாலச் சட்டம் வந்தது. மௌ மௌ எண்டு ஆங்கிலேயரும், நிலத்துக்கும் விடுதலைக்குமான படை எண்டு தாங்களும் அழைத்த போராளிகள் அபடேர் காட்டுக்குள் இறங்கினார்கள். 1953இல் அந்தக் காடு தடைசெய்யப்பட்ட பகுதியானது: உள்ளே நடமாடும் எவரையும் சுடலாம். பிரித்தானிய விமானங்கள் காட்டுக்குக் குண்டு போட்டன. மிருகம் பார்க்கக் கட்டின மரவிடுதி, படையினரின் பார்வைக் கோபுரமானது. காட்டுக்குள் ஆளை மறைக்கிற மரமும் ஆளைத் தேடுகிற மரமும் ஒரே மரமாக இருக்கலாம் எண்டது எங்களில் ஆருக்கும் புதுசில்லை.

1954 ஏப்ரலில் அரசி இலங்கைக்கு வந்து போனார். மே 27ஆம் திகதி போராளிகள் ட்ரீடொப்ஸை எரித்தார்கள். விடுதியோட முகுமோவும் போனது. தாங்கள் வணங்குகிற மரம் எரிவதை அவர்கள் என்ன மனசோட பார்த்திருப்பார்கள்? இந்தக் கேள்விக்கு விருந்தினர் பதிவேட்டில் இடமில்லை.

1957 பெப்ரவரி 18ஆம் திகதி போராளித் தலைவர் டெடான் கிமாதியைத் தூக்கிலிட்டு, கமிட்டிச் சிறை வளாகத்தில் அடையாளமில்லாத குழியில் புதைத்தார்கள். அதே ஆண்டு ட்ரீடொப்ஸ் குட்டைக்கு மறுகரையில், மரக்கால்கள் மேல், முந்தினதைவிடப் பெரிசாக எழும்பியது. 1983இல் அரசி அங்க திரும்பவும் போனார்.

அவசரகாலத் தடுப்புமுகாம்களில் நடந்த சித்திரவதையை ஒத்துக்கொண்டு, 5,228 பேருக்கு ஏறக்குறைய 2 கோடி பவுண் கொடுக்க பிரித்தானிய அரசு 2013இல் சம்மதித்தது. அப்ப வழக்காடியவர்கள் எல்லாரும் கிழவர் கிழவிகள்.

பழைய மரம் நின்ற இடத்தில், இளவரசி ஓர் இரவு தங்கி முடிக்குரியவரானதைச் சொல்லும் பலகை ஒண்டு வைச்சிருக்கு. எரித்தவர்களைப் பற்றி அந்தப் பலகையில் ஒரு சொல்லும் இல்லை.