கேள்வியைப் படமாக வரைந்த கதை

சில வருடங்களுக்கு முன்பு எங்கள் வட்டார அலுவலகத்தில் ஒரு பட்டியல் எடுக்கச் சொன்னார்கள். நீண்ட நாளாக வரவு செலவு இல்லாத கணக்குகளுக்கு நினைவூட்டல் கடிதம் போக வேண்டும். 2014-லிருந்து பத்து வருடம் அசையாத கணக்கின் பணம் ரிசர்வ் வங்கியின் நிதி ஒன்றுக்குப் போய்விடுகிறது. (பிறகும் கேட்டு வாங்கலாம், ஆனால் அலைச்சல்!) பட்டியல் எடுக்கும் எஸ்.க்யூ.எல். க்வெரியை எழுதியவர் மாற்றலாகிப் போய்விட்டார். ஒரு பக்க நீளம். பி.காம். படித்த என் கண்ணுக்கு அதில் தப்பு எதுவும் தெரியவில்லை. ஆனால் கணக்குகளின் எண்ணிக்கை மட்டும் இடித்தது. ரொம்பக் குறைவு.

சின்னச் சின்ன மாற்றம் செய்து அதை எம்.எஸ். ஆக்சஸில் ஒட்டி, டிசைன் வியூவுக்கு மாற்றினேன். கணக்கு அட்டவணை ஒரு பெட்டி, நாமினி அட்டவணை இன்னொரு பெட்டி, நடுவில் வெறும் கோடு. கோட்டில் அம்பு இல்லை என்றால் இரண்டு பெட்டியிலும் இருப்பவர்கள் மட்டுமே வருவார்கள். கடிதத்தில் நாமினி பெயரையும் அச்சிட ஆசைப்பட்டு அந்த அட்டவணையைச் சேர்த்திருக்கிறார்கள். விளைவு, நாமினி போடாத கணக்கு ஒன்றுகூட பட்டியலில் இல்லை. யாருக்கு முதலில் கடிதம் போக வேண்டுமோ அவர்களே விட்டுப்போயிருந்தார்கள். நம்மைப் போல ஊர் ஊராகப் போகிறவர்களின் பழைய கணக்குகள் அதில் எத்தனையோ!

இந்தப் பெட்டியும் கோடும் எங்கிருந்து வந்தன என்று தேடிப் படித்தேன். சுவாரஸ்யமான கதை.

1970-ல் ஐ.பி.எம்.மில் இருந்த எட்கர் காட், தகவல்களை அட்டவணைகளாக வைக்கலாம் என்று ஒரு கட்டுரை எழுதினார். 1974-ல் அதே நிறுவனத்தின் டொனால்ட் சேம்பர்லினும் ரேமண்ட் பாய்ஸும் அதற்கான கேள்வி மொழியை அறிமுகப்படுத்தினார்கள். புரோகிராமர் அல்லாதவர்களும் கேள்வி கேட்க வேண்டும் என்பது நோக்கம். அதனால்தான் அது ஆங்கில வாக்கியம் போலவே இருக்கிறது. 'சீக்வல்' என்ற பெயர் வேறொரு நிறுவனத்தின் வணிகப் பெயராக இருந்ததால் எஸ்.க்யூ.எல். என்று சுருங்கியது. பாவம், பாய்ஸ் அந்த 1974-லேயே இள வயதில் இறந்துவிட்டார்.

அடுத்த வருடமே, அதே ஐ.பி.எம்.மின் இன்னொரு ஆய்வுக்கூடத்தில் மோஷே ஸ்லூஃப் என்பவர் வேறு வழி காட்டினார். வாக்கியமே வேண்டாம். திரையில் காலி அட்டவணை வரும், வேண்டிய கட்டத்தில் ஒரு மாதிரி மதிப்பை எழுதினால் போதும். இரண்டு அட்டவணையில் ஒரே மாதிரியை எழுதினால் அவை இணைந்துவிடும். க்வெரி பை எக்ஸாம்பிள் என்று பெயர். குமாஸ்தாவுக்கும் புரியும் என்பதால் எனக்கு இதுதான் பிடித்திருக்கிறது.

ஆனால் ஜெயித்தது வாக்கியம்தான். 1986-ல் எஸ்.க்யூ.எல். அமெரிக்கத் தரமாகவே ஆகிவிட்டது. ஸ்லூஃபின் யோசனை 1992-ல் வந்த ஆக்சஸின் கட்டங்களில் உயிரோடு இருந்தது.

ஆங்கிலம் போல இருப்பதுதான் வம்பே என்பேன். படித்தால் புரிந்த மாதிரி இருக்கும், புரிந்திருக்காது. நாம் எழுதுவதை விட, மாற்றலாகிப் போனவர்கள் எழுதியதைப் படிப்பதுதானே அதிகம்!

ஆக்சஸுக்கும் எல்லை உண்டு. 'இப்படி ஒன்று இல்லாதவை' என்று கேட்கும் நாட் எக்ஸிஸ்ட்ஸ் வந்தால் படம் நின்றுவிடும், ஒரு கட்டத்துக்குள் முழு வாக்கியத்தையும் திணித்துக் காட்டும். அங்கேதான் 2011-ல் க்வெரிவிஸ் என்ற ஆராய்ச்சிக் கருவி வந்தது. வாக்கியத்தைக் கொடுத்தால் படம் வரையும். 'இல்லாதவை' என்ற பகுதியைச் சுற்றிப் புள்ளிக்கோட்டுப் பெட்டி, 'எல்லாம்' என்றால் இரட்டைக்கோடு, எந்த வரிசையில் படிப்பது என்பதற்கு அம்புகள். 2020-ல் வெளியான அவர்களின் ஆய்வில் 42 பேரை வைத்துச் சோதித்தார்கள். படம் பார்த்தவர்கள் சுமார் 20% வேகமாகப் புரிந்துகொண்டார்கள். தவறுகளும் குறைந்தன, ஆனால் அதை உறுதியாகச் சொல்லும் அளவுக்கு ஆதாரம் போதவில்லை என்பதையும் அவர்களே எழுதியிருக்கிறார்கள். நேர்மை!

எனக்கு அன்று ஒரு அம்பு போதுமாயிருந்தது. கோட்டின் மேல் இரண்டு முறை க்ளிக் செய்தால் மூன்று விருப்பங்கள் வரும். இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தேன், அம்பு முளைத்தது, விட்டுப்போன கணக்குகளும் வந்து சேர்ந்தன. கூடுதல் தபால் உறைக்கு அனுமதி வாங்கத்தான் ஒரு வாரம் ஆனது :-)