பஞ்சு விலையில் தொடங்கிய சூது

வேலூர், குடியாத்தம், ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கத்து நண்பர்களுக்குக் 'காட்டன்' என்றால் வேட்டித் துணி நினைவுக்கு வராது. 'காட்டன் சூதாட்டம்: இருவர் கைது' என்று பத்திரிகையின் உள்பக்கத்தில் வரும் நாலு வரிச் செய்திதான் நினைவுக்கு வரும். டீக்கடைக்குப் பின்னால் ஒருவர் துண்டுச் சீட்டில் எண் எழுதிக் கொடுப்பார். அந்த எண்ணுக்கும் பஞ்சுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டால் எழுதிக் கொடுப்பவருக்கே தெரியாது. வங்கி உத்தியோகத்தில் முதலில் பம்பாயிலும் பிறகு வேலூர் மாவட்டத்திலும் இருந்ததால், இதன் வேரையும் கிளையையும் அருகிலிருந்து பார்க்க எனக்கு வாய்த்தது.

வேர் நியூயார்க்கில் இருக்கிறது. அங்குள்ள பஞ்சுச் சந்தையின் தொடக்க விலையும் முடிவு விலையும் டெலிபிரிண்டர் வழியாகப் பம்பாய்ப் பஞ்சுச் சந்தைக்கு வரும். வியாபாரிகளுக்கு அது தொழில் விவரம். வெளியே நின்றவர்களுக்கோ அந்த விலையின் எண் என்னவாக இருக்கும் என்று பந்தயம். 'அங்கடா' என்று அதற்குப் பெயர். 1961-ல் அந்த விலை வருவது நின்றுபோனது. சூதும் அதோடு நின்றிருக்க வேண்டும் இல்லையா? நிற்கவில்லை. வராத விலைக்குப் பதிலாக, எண் எழுதிய சீட்டுகளை ஒரு மண்பானையில் போட்டுக் குலுக்கி எடுத்தார்கள். பானைக்கு இந்தியில் மட்கா. மட்கா சூது என்ற பெயர் அப்படி வந்தது.

1962-ல் வொர்லியில் இதை ஒரு ஒழுங்கான தொழிலாக நடத்தத் தொடங்கியவர் கல்யாண்ஜி பகத். குஜராத்தின் கட்ச் பகுதியிலிருந்து பிழைக்க வந்து மளிகைக் கடை வைத்திருந்தவர். 1964-ல் ரத்தன் கத்ரி தனியாக இன்னொன்றைத் தொடங்கினார். இவர் தேசப் பிரிவினையில் கராச்சியிலிருந்து வந்த சிந்தி. பிற்பாடு பானை போய்ச் சீட்டுக்கட்டு வந்தது. மூன்று சீட்டுகளை எடுத்துக் கூட்டிக் கடைசி இலக்கத்தை மட்டும் வைத்துக்கொள்வார்கள். 2, 5, 9 வந்தால் கூட்டுத்தொகை 16, எண் 6. இரவு ஒன்பது மணி வாக்கில் ஒரு எண், அது 'ஓபன்'. நள்ளிரவில் இன்னொன்று, அது 'குளோஸ்'. பஞ்சு விலை போய்விட்டாலும் அதன் தொடக்கமும் முடிவும் பெயரளவில் அப்படியே இருந்தன.

வங்கிக்காரன் என்பதால் இதன் கணக்கைப் பார்க்காமல் இருக்க முடியவில்லை. ஒற்றை எண்ணுக்கு வாய்ப்பு பத்தில் ஒன்று, ஜெயித்தால் ஒன்றுக்கு ஒன்பது கொடுப்பார்கள். இரண்டு எண்களும் சேர்ந்த 'ஜோடி'க்கு நூற்றில் ஒன்று, கொடுப்பது தொண்ணூறு. ஆக ரூபாய்க்குப் பத்துப் பைசா நடத்துபவருக்கு. 'பத்துப் பைசாதானே' என்று தோன்றும். ஆனால் யாரும் ஒருமுறை கட்டிவிட்டுப் போவதில்லை. ஜெயித்ததையும் அங்கேயேதான் கட்டுவார்கள். நூறு ரூபாய் அப்படிப் பத்து முறை சுற்றி வந்தால், சராசரியில் மிஞ்சுவது சுமார் 35 ரூபாய். இருபது முறை சுற்றினால் 12. இதில் ஏமாற்று வேலை எதுவும் தேவையே இல்லை. கத்ரி நாணயமாகச் சீட்டு எடுப்பார் என்று ஜனங்கள் மெச்சிக்கொண்டார்கள். நாணயமாக எடுத்தாலே போதும் என்பது அவருக்குத் தெரியும்.

இந்தச் சூது நன்றாக வேர்விட்டது லால்பாக், பரேல் பகுதிகளில். பஞ்சாலைகள் நிறைந்த இடம். கொங்கணிலிருந்து வந்த தொழிலாளிகள் ஒரே அறையில் பலராகத் தங்கி, ஷிப்டுக்கு ஷிப்டு மாறித் தூங்குவார்கள். சில்லறைக் காசுக்கும் எண் கட்டலாம் என்பதால் ஆலை வாசலில் சீட்டு எழுதுபவரிடம் கூட்டத்துக்குக் குறைவில்லை. ஓபனில் போனதைக் குளோஸில் எடுத்துவிடலாம் என்று நள்ளிரவு வரை விழித்திருந்து, மறுநாள் காலை ஷிப்டுக்குத் தூங்காமல் போவார்கள். கனவில் பாம்பு வந்தால் ஒரு எண், கல்யாணம் வந்தால் ஒரு எண் என்று சொல்லிக் கொடுக்கத் தனியாகச் சாமியார்கள் இருந்தார்கள்.

எங்கள் கிளையில் கணக்கு வைத்திருந்த ஒரு ஆலைத் தொழிலாளியின் மனைவி கானாவள் நடத்தினார். குடும்பத்தை ஊரில் விட்டுவிட்டு வந்த ஆண்களுக்கு மாதக் கணக்கில் சாப்பாடு போடும் தொழில் அது. பம்பாய் ஆலைகளையே அந்தப் பெண்கள்தான் ஊட்டி வளர்த்தார்கள் என்று சொல்லலாம். ஒருநாள் கணவனையும் கையோடு அழைத்து வந்து, "சாகேப், இரண்டு பேர் கையெழுத்தும் இருந்தால்தான் பணம் தர வேண்டும், அப்படிக் கணக்கை மாற்றிக் கொடுங்கள்" என்றார். அவன் தலையைக் குனிந்துகொண்டு நின்றான். மாற்றிக் கொடுத்தோம். அவர் கைநாட்டு வைத்தார். ஏழெட்டு மாதம் கணக்கில் பணம் சேர்ந்தது. அதற்குள் அவன் சீட்டு எழுதுபவரிடமே கடனுக்குக் கட்டத் தொடங்கியிருக்கிறான். வங்கிக் கணக்கைப் பூட்டலாம், வாய்க்கடனைப் பூட்ட முடியுமா? சம்பள நாளில் வசூல் ஆட்கள் ஆலை வாசலிலேயே நின்றார்கள். கானாவளின் பித்தளை அண்டாக்கள் அடகுக்குப் போன பிறகு அங்கே சாப்பிட வருபவர்களும் நின்றுவிட்டார்கள். பையன் ஏழாம் வகுப்போடு நின்றான். எங்கே வேலைக்குச் சேர்ந்தான் என்கிறீர்கள்? அந்தச் சீட்டு எழுதுபவரிடமே, எடுபிடியாக.

இங்கே சட்டத்தின் நிலையைச் சொல்ல வேண்டும். 1872-ம் வருட ஒப்பந்தச் சட்டத்தின் 30-வது பிரிவுப்படி பந்தய ஒப்பந்தம் செல்லாது. ஜெயித்தவன் பணம் கேட்டுக் கோர்ட்டுக்குப் போக முடியாது. தோற்றவன் மீது நடத்துபவரும் வழக்குப் போட முடியாது. கேட்பதற்குச் சமநீதி போலத்தான் இருக்கிறது. ஆனால் நடத்துபவருக்குக் கோர்ட் எதற்கு? அவரிடம் ஆட்கள் இருக்கிறார்கள். 1887-ம் வருடப் பம்பாய்ச் சூதாட்டத் தடுப்புச் சட்டமும், நம் பக்கத்து 1930-ம் வருடச் சட்டமும் சூதாட்ட இடம் நடத்துபவரோடு அங்கே இருந்து ஆடியவரையும் தண்டிக்கின்றன. அடிவாங்கியவன் போலீசுக்குப் போனால் 'நீ அங்கே எதற்குப் போனாய்?' என்ற கேள்விதான் முதலில் வரும். சட்டத்துக்குப் புறம்பான சூதில் தோற்பவனுக்கு இது தனியான ஒரு சுமை. குதிரைப் பந்தயத்தில் தோற்றவனுக்குக்கூட இது கிடையாது.

கத்ரி நெருக்கடி நிலைக் காலத்தில் சிறைக்குப் போனார். 1975-ல் வந்த 'தர்மாத்மா' என்ற இந்திப் படத்தில் பிரேம்நாத் ஏற்ற வேடம் அவரை வைத்து எழுதப்பட்டது என்று அப்போதே பேச்சு. மூன்று சீட்டு எடுப்பவரைப் பற்றிப் படம் வந்தது. அண்டா அடகு வைத்தவரைப் பற்றி வரவில்லை.

1982 ஜனவரியில் தத்தா சாமந்த் தலைமையில் சுமார் இரண்டரை லட்சம் ஆலைத் தொழிலாளிகள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். பல ஆலைகள் பிறகு திறக்கவே இல்லை. ஆலை போன பிறகும் மட்கா இருந்தது. 1990-களில் போலீஸ் நெருக்கடி கூடியபோது பம்பாயில் கடைகள் குறைந்தன, வெளியூர்களில் முளைத்தன.

எங்கள் வட ஆற்காட்டுக்கு இந்தச் சூது எந்த வழியாக, எந்த வருடம் வந்தது என்பது தனி ஆராய்ச்சி. நான் அங்கே மாற்றலாகிப் போனபோது 'காட்டன்' என்ற பெயரோடு ஊன்றி நின்றிருந்தது. அங்கே அண்டாவுக்குப் பதில் கம்மல். நகைக் கடன் மேஜையில் உட்கார்ந்தவர்களுக்குத் தெரியும்: பீடி சுற்றும் பெண்கள் சேர்த்து வாங்கிய இரண்டு கிராம், மூன்று கிராம் கம்மல்கள் வரும். கடன் புருஷன் பெயரில் இருக்கும். வட்டி கட்டாமல் ஏல நோட்டீஸ் போகும். நோட்டீசை எடுத்துக்கொண்டு பெண்தான் வருவார். "நான் பெட்டியில் இருக்கிறது என்றுதானே சார் நினைத்துக்கொண்டிருந்தேன்" என்பார். ஏலத் தேதிக்குள் வட்டியை மட்டும் கட்டிக் கடனைத் திருப்பி வைக்கச் சொல்லி அனுப்புவோம். சிலர் கட்டினார்கள். பலருடைய கம்மல் ஏலத்தில் போனது.

இப்போது துண்டுச் சீட்டு குறைந்து, எண் செல்போனில் போகிறது, பணமும் செல்போனிலேயே போகிறது என்கிறார் குடியாத்தத்தில் இருக்கும் பழைய சகா ஒருவர். வொர்லி, கல்யாண் என்ற பெயர்கள் இன்னும் மாறவில்லையாம். நியூயார்க் பஞ்சுச் சந்தைதான் 1998-ல் வேறொரு சந்தையோடு இணைந்துவிட்டது.