உண்டியல் வந்துருச்சா?

அகமதாபாத்துக்கு மாற்றலாகி வந்த புதிதில், மஸ்கதி மார்க்கெட்டில் ஒரு ஜவுளி வியாபாரி பேச்சுவாக்கில், "எங்க தாத்தா காலத்துல எல்லாமே ஹுண்டிதான்" என்றார். என் கண்முன் வந்தது திருப்பதி உண்டியல். "கோயில்ல காணிக்கை போடுவாங்களே, அதுவா?" என்று கேட்டு அசடு வழிந்தேன் :-)

சிரித்துவிட்டு, பழைய சீட்டு ஒன்றை எடுத்துக் காட்டினார்.

விஷயம் எளிது. இங்கே ஒரு சேட்டிடம் பணம் கட்டினால், வேறு ஊரிலிருக்கும் தன் ஆளுக்கு 'இவருக்கு இவ்வளவு கொடுக்கவும்' என்று எழுதித் தருவார். பணமூட்டையோடு, திருட்டுப் பயத்தோடு பிரயாணம் போக வேண்டாம். சீட்டைக் கண்டதும் கொடுக்க வேண்டியது 'தர்ஷனி'. தவணை வைத்தது 'முத்ததி'. தொகையை யாரும் திருத்திவிடாமல் இருக்க, 'ஆயிரம் ரூபாய், ஐந்நூறின் இரட்டிப்பு' என்று எழுதுவார்கள். பணம் கொடுத்துத் தீர்ந்த சீட்டு 'கோகா'. எனக்கு ரொம்பப் பிடித்தது 'ஜோக்மி' ஹுண்டி: சரக்கு கரை சேர்ந்தால்தான் பணம், கப்பல் மூழ்கினால் போச்சு. கடனும் இன்சூரன்சும் ஒரே துண்டுச் சீட்டில்!

குஜராத்தில் இது பக்திக் கதையிலும் உண்டு. 15-ம் நூற்றாண்டுக் கவி நரசி மேத்தா, துவாரகைக்குப் போகும் யாத்ரீகர்களிடம் பணம் வாங்கிக்கொண்டு, 'சாமள்சா சேட்' பேருக்கு ஹுண்டி எழுதிக் கொடுத்துவிட்டாராம். அப்படி ஒரு சேட் ஊரிலேயே கிடையாது. கிருஷ்ணனே சேட் வேஷத்தில் வந்து பணத்தை எண்ணிக் கொடுத்தானாம்.

எங்கள் வீட்டுக் கதையில் கிருஷ்ணன் வரவில்லை. சிவகங்கைப் பக்கம் எங்கள் ஊர். தாத்தா ரங்கூனில் அரிசி ஆலைக் கணக்கர். அங்கே ஒரு செட்டியார் கடையில் பணம் கட்டி, தேவகோட்டையில் மாற்றிக்கொள்ள அப்பத்தாவுக்கு உண்டியல் அனுப்புவார். 1941 டிசம்பரில் ரங்கூனில் குண்டு விழுந்தது. அதற்கு முன் தபாலில் போட்ட சீட்டு ஜனவரியில் வந்து சேர்ந்தது. ரங்கூன் கடை இருக்கிறதா, ஏஜெண்டு உயிரோடு இருக்கிறாரா, யாருக்கும் தெரியாது. கைக்குழந்தையோடு (அதுதான் என் அப்பா) அப்பத்தா தேவகோட்டைக்குப் போனார். பெட்டியடியில் இருந்தவர் கையெழுத்தை ஒருதரம் பார்த்தார். முழுத் தொகையையும் கொடுத்து, ஒரு செம்பு மோரும் கொடுத்தாராம். தாத்தா கால்நடையாக ஊர் வந்து சேரும்வரை அந்தப் பணத்தில்தான் அடுப்பு எரிந்தது.

வெள்ளைக்காரன் 1881-ல் போட்ட மாற்றுமுறை ஆவணச் சட்டம்கூட, இந்த நாட்டு மொழிச் சீட்டுகளை அந்தந்த ஊர் வழக்கத்துக்கே விட்டுவிட்டது. 1970களில்தான் கறுப்புப் பணத்துக்குப் பயந்து, ஹுண்டிக் கடனை செக் இல்லாமல் வாங்கினால் அதை வருமானமாகவே கணக்கிட வரிச் சட்டத்தில் 69டி பிரிவைச் சேர்த்தார்கள். இன்று பேப்பரில் 'உண்டியல் பணம்' என்று வந்தால் ஹவாலா, கைது, அவ்வளவுதான். அது குற்றம்தான், மறுக்கவில்லை. ஆனால் அந்தத் தலைப்பைப் பார்க்கும்போதெல்லாம் அப்பத்தாவையும் சேர்த்துத் திட்டுவது போலிருக்கும்.

வேலைக்குச் சேர்ந்ததும் மாதாமாதம் அவருக்கு டிமாண்ட் டிராப்ட் அனுப்புவேன். யோசித்தால் அதுவும் தர்ஷனிதானே! பக்கத்து வீட்டுப் போனிலிருந்து கூப்பிடுவார்.

"தம்பி, உண்டியல் வந்துருச்சுப்பா."

டிராப்ட் என்று கடைசிவரை அவர் சொன்னதே இல்லை.