ஹிரகானாவும் கத்தகானாவும்: ஒலி ஒன்று, உழைப்பு இரண்டு

ஜப்பானிய மொழி கற்கத் தொடங்குபவர் முதலில் சந்திப்பது இரண்டு எழுத்து வரிசைகளை. ஹிரகானாவில் அடிப்படை எழுத்துகள் 46; கத்தகானாவிலும் 46. ஒரு வரிசையில் உள்ள ஒவ்வோர் ஒலிக்கும் மற்றொன்றில் ஓர் எழுத்து உண்டு. இதனாலேயே பலரும் இரண்டையும் ஒரே பாடத்தின் இரு பாதிகளாக எண்ணி, ஒரே முறையில் மனப்பாடம் செய்கிறார்கள். சில மாதம் கழித்துப் பார்த்தால் ஹிரகானா தங்கியிருக்கும், கத்தகானா தடுமாறும். கற்பவரின் நினைவாற்றலை இதற்குக் குறை சொல்ல முடியாது. இரண்டு வரிசைகளும் வெவ்வேறு உழைப்பைக் கேட்கின்றன. ஹிரகானா கையைச் சோதிக்கிறது. கத்தகானா கண்ணைச் சோதிக்கிறது.

பிறந்த விதம்

இரண்டுக்கும் தாய் சீன எழுத்தே. 8ஆம் நூற்றாண்டில் தொகுக்கப்பட்ட மான்யோஷூ பாடல் தொகுப்பில், சீன எழுத்துகள் பொருளுக்காக மட்டுமன்றி ஒலிக்காகவும் கையாளப்பட்டன. அந்த ஒலியெழுத்துகளிலிருந்து 9ஆம் நூற்றாண்டில் இரண்டு கிளைகள் பிரிந்தன.

ஹிரகானா, முழுச் சீன எழுத்தையும் தூரிகையால் விரைந்து எழுதியதில் உருகி வந்தது. கத்தகானா, எழுத்தின் ஒரு துண்டை மட்டும் வெட்டி எடுத்ததில் வந்தது. 'க' ஒலிக்கான எழுத்தில் இந்த வேறுபாட்டைத் தெளிவாகக் காணலாம். இரண்டு வரிசையிலும் அதற்கு மூலம் 'கூட்டு' என்று பொருள்படும் ஒரே சீன எழுத்து. ஹிரகானா அந்த எழுத்து முழுவதையும் வளைத்து எழுதிக்கொண்டது. கத்தகானா அதன் இடப்பாதியை மட்டும் வைத்துக்கொண்டு மீதியை விட்டுவிட்டது.

எழுதியவர்களும் வேறு. சீன மொழியில் இருந்த பௌத்த நூல்களை ஜப்பானிய மொழியில் வாசிக்க, துறவிகள் வரிகளுக்கிடையே சிறு குறிப்புகள் இட்டார்கள். குறுகிய இடத்தில் விரைந்து எழுதக் கத்தகானாவின் குட்டைக் கோடுகள் பொருந்தின. ஹிரகானா கடிதங்களிலும் கவிதைகளிலும் வளர்ந்தது. ஹெயான் எனப்படும் அக்காலத்தில் அதற்குப் 'பெண் கை' என்றே பெயர். 11ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முராசாகி ஷிகிபு எழுதிய கெஞ்சி கதை இந்த எழுத்தில் பிறந்த பேரிலக்கியம். ஆண்கள் இதைத் தொடவில்லை என்று எண்ணிவிடக் கூடாது. கி நோ த்சுராயுகி 10ஆம் நூற்றாண்டில் ஒரு பெண் சொல்வதுபோல் தோசா நாட்குறிப்பை இவ்வெழுத்தில் எழுதினார்.

இன்றைய வடிவங்களிலும் இந்தப் பிறப்பு தெரிகிறது. ஹிரகானாவின் சுழிகள் தூரிகை தாளை விட்டு எழாத ஓட்டத்தின் தடம். கத்தகானாவின் நேர்கோடுகளும் கூர்முனைகளும் வெட்டி எடுத்த துண்டின் தடம்.

இரண்டுக்கும் பொதுவான அட்டவணை

எழுத்துகளை அடுக்கும் முறை இரண்டுக்கும் ஒன்றுதான். 'ஐம்பது ஒலிகள்' என்று பொருள்படும் கோஜூஓன் அட்டவணை. தமிழ்க் கற்பவருக்கு இங்கே ஓர் உறவுமுறையே காத்திருக்கிறது. உயிர் ஐந்தின் வரிசை: அ, இ, உ, எ, ஒ. நம் குறில் வரிசை அதேதான். அடுத்து வரும் மெய் வரிசை: க, ஸ, த, ந, ஹ, ம, ய, ர, வ. நம் க, ச, த, ந, ப, ம, ய, ர, வ என்பதோடு ஒப்பிட்டால் இரண்டே இடங்களில்தான் வேறுபாடு. அவற்றில் ஹகர வரிசை பழங்காலத்தில் பகரமாக ஒலித்ததே. இந்தப் பொருத்தம் தற்செயலானதன்று. சமஸ்கிருத மந்திரங்களைப் படிக்க ஜப்பானியத் துறவிகள் கற்ற சித்தம் எழுத்தின் வழியே இந்திய ஒலி வரிசை அங்கே சென்றது. ஆகவே தமிழ் அறிந்தவர் அட்டவணையின் வரிசையைப் புதிதாக மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை.

ஆனால் இந்த நெருக்கத்தில் ஓர் ஆபத்தும் உண்டு. தமிழில் ஒரே 'க' இடத்துக்கேற்ப வன்மையாகவும் மென்மையாகவும் ஒலிக்கும். ஜப்பானிய எழுத்து அப்படி விடாது. மென்மையாக ஒலிக்க வேண்டுமானால் எழுத்தின் வலத்தோளில் இரண்டு சிறு கோடுகள் இட்டே ஆக வேண்டும். இந்தக் கட்டுரையில் வரும் இரண்டு பெயர்களே சான்று. 'ஹிரகானா'வின் ககரம் மென்மையானது. 'கத்தகானா'வின் இரண்டு ககரமும் வன்மையானவை. கத்தகானா என்பதில் நாம் எழுதும் தகர இரட்டிப்பும் மூலத்தில் கிடையாது. வன்மையைக் காட்ட நமக்கு வேறு வழியில்லாததால் இரட்டிக்கிறோம். ஜப்பானிய மொழியிலோ இரட்டிப்பு வேறொரு சொல்லையே உண்டாக்கும். எனவே ஒலிகளைத் தமிழில் குறித்துக்கொண்டு படிக்கும் குறுக்குவழியை முதல் நாளிலேயே கைவிடுவது நல்லது.

பள்ளியில் எது முதலில்?

இன்று ஜப்பானியக் குழந்தைகள் முதலில் கற்பது ஹிரகானா. எப்போதும் அப்படி இருந்ததில்லை. ஹிரகானாவுக்கே ஒரு காலத்தில் நிலையான வடிவம் இல்லை; 1900க்கு முன் ஓர் ஒலிக்குப் பல வடிவங்கள் புழங்கின. அவ்வாண்டு வந்த தொடக்கப் பள்ளி விதிகள் ஓர் ஒலிக்கு ஒரே வடிவம் என்று வரையறுத்தன. விலக்கப்பட்ட வடிவங்களைப் பழைய சோபா நூடுல்ஸ் உணவகங்களின் பெயர்ப்பலகைகளில் இன்றும் பார்க்கலாம்.

1904இல் வந்த முதல் அரசுப் பாடநூல் கத்தகானாவில்தான் தொடங்கியது. இ, எ, ஸு, ஷி என்ற நான்கு எழுத்துகள் அதில் முதலில் வந்தன. வட்டார வழக்கில் ஒன்றோடொன்று குழம்பும் ஒலிகளைத் திருத்துவது அதன் நோக்கம். நேர்கோட்டு எழுத்து பிஞ்சுக் கைக்கு எளிது என்பதும் ஒரு காரணம். 1889ஆம் ஆண்டின் மெய்ஜி அரசியலமைப்பு உள்ளிட்ட அரசு ஆவணங்களும் சீன எழுத்தோடு கத்தகானாவைக் கலந்தே எழுதப்பட்டன. இரண்டாம் உலகப் போருக்குப் பின் நிலை மாறியது. 1946இல் வெளியான புதிய அரசியலமைப்பு ஹிரகானாவில் வந்தது. 1947இன் பாடநூலும் ஹிரகானாவில் தொடங்கியது.

எளிய வடிவம் முதலில் வர வேண்டும் என்பது பழைய நியாயம். வாழ்க்கையில் அதிகம் எதிர்ப்படுவது முதலில் வர வேண்டும் என்பது புதிய நியாயம். வெளிநாட்டவருக்கான பாடநூல்கள் பலவும் பின்னதையே ஏற்றுள்ளன. பரவலாகப் பயிலப்படும் கென்கி பாடநூலின் எழுத்துப் பகுதி, முதல் பாடத்தில் ஹிரகானா, இரண்டாவதில் கத்தகானா, மூன்றாவதிலிருந்து சீன எழுத்து என்று செல்கிறது.

கையின் சோதனை

ஹிரகானாவை எழுதும்போது மூன்று முடிப்புகளைக் கை பழக வேண்டும்: கோட்டை அழுத்தி நிறுத்துதல், முனையில் கொக்கியாகத் தெறித்தல், மெல்ல இழுத்து மறையவிடுதல். ஜப்பானிய ஆசிரியர்கள் இவற்றை முறையே தோமே, ஹனே, ஹராய் என்பார்கள். இவை அலங்காரம் அல்ல. அடுத்த கோடு எங்கே தொடங்கும் என்பதை இவையே காட்டுகின்றன.

அச்சு எழுத்தை மட்டும் பார்த்து எழுதுபவருக்கு இன்னொரு தடை வரும். 'ஸ', 'கி' ஆகிய இரண்டும் அச்சில் ஒரே வளைவாக இணைந்து நிற்கும். கையெழுத்தில் கீழ்வளைவு தனிக்கோடாகப் பிரிந்திருக்கும். ஆகவே கையெழுத்து மாதிரியைப் பார்த்தே எழுதிப் பழக வேண்டும். 'நு'வும் 'மெ'யும், 'ரு'வும் 'ரொ'வும் ஒன்றுபோல் தோன்றுவதும் உண்மைதான். ஆனால் இரண்டு இணைகளிலும் கடைசிச் சுழிதான் வேறுபாடு. நாலு நாள் எழுதினால் கை பிரித்தறிந்துவிடும்.

கண்ணின் சோதனை

கத்தகானாவை எழுதுவது எளிது, பிரித்தறிவது கடினம். 'ஷி', 'த்சு' இரண்டுமே இரண்டு சிறு கோடும் ஒரு நீண்ட கோடும்தான். 'ஸொ', 'ன்' இரண்டுமே ஒரு சிறு கோடும் ஒரு நீண்ட கோடும். எப்படிப் பிரிப்பது? 'ஷி'யிலும் 'ன்'னிலும் நீண்ட கோடு கீழிருந்து மேலே ஏறும். 'த்சு'விலும் 'ஸொ'விலும் மேலிருந்து கீழே இறங்கும். இதைப் படத்தைப் பார்த்து மட்டும் நினைவில் வைப்பது கடினம். கோட்டின் திசையைக் கை அறிந்திருந்தால் கண்ணும் அறிந்துகொள்ளும். கண்ணின் சிக்கலுக்கு மருந்து கையில்தான் இருக்கிறது.

எங்கே எது?

ஜப்பானிய வாக்கியத்தில் வேற்றுமை உருபுகள், வினைமுடிவுகள், சீன எழுத்தின் மேல் சிறிதாக இடும் ஃபுரிகானா வாசிப்புக் குறிப்புகள் எல்லாம் ஹிரகானா. ஒரு பக்கம் படித்தால் அடிப்படை எழுத்துகள் பலவும் பலமுறை வந்து போகும். வாசிப்பே அவற்றைத் திரும்பத் திரும்பக் கற்பிக்கும். கத்தகானாவில் வருபவை அயற்சொற்கள், வெளிநாட்டுப் பெயர்கள், ஒலிக்குறிப்புகள், அறிவியல் நூல்களில் விலங்கு, தாவரப் பெயர்கள். சில பக்கங்களில் நாலைந்து சொல்லே இருக்கும். கற்றது கலைந்துபோக இதுவே காரணம்.

எழுத்துக்கூட்டிலும் வேறுபாடு உண்டு. நெடிலைக் காட்ட ஹிரகானா இன்னோர் உயிரெழுத்தைச் சேர்க்கும். கத்தகானா ஒரு கோட்டை நீட்டும். ஹிரகானாவுக்கே உரிய மூன்று விதிவிலக்குகளும் உள்ளன: உருபாக வரும்போது 'ஹ' என்பது 'வ' என்றும், 'ஹெ' என்பது 'எ' என்றும், 'வொ' என்பது 'ஒ' என்றும் ஒலிக்கும். 1946இன் எழுத்துச் சீர்திருத்தம் பழைய எழுத்துக்கூட்டைப் பெரும்பாலும் மாற்றியபோதும் இவற்றை விட்டுவைத்தது.

கத்தகானாவைப் பின்னால் பார்த்துக்கொள்ளலாம் என்று ஒதுக்குபவர் ஒன்றை நினைக்க வேண்டும். சீன எழுத்துகளின் உறுப்புகள் பல அதில் அப்படியே தெரியும். 'பெயர்' என்ற சீன எழுத்து, கத்தகானாவின் 'த'வின் கீழ் 'ரொ'வை வைத்தது போலிருக்கும். 'வெளி' என்ற எழுத்து 'த'வும் 'தொ'வும் அருகருகே நிற்பது போலிருக்கும். அடுத்த பெரும் படிக்கட்டுக்குக் கையைத் தயார் செய்வது கத்தகானாதான்.

முடிவு

முதலில் ஹிரகானா, இதில் ஐயமில்லை. ஆனால் முழுத் தேர்ச்சி வரும்வரை காத்திராமல், 46 எழுத்தையும் தடங்கலின்றிப் படிக்க வந்ததுமே கத்தகானாவைத் தொடங்க வேண்டும். ஹிரகானாவைக் கோடுகளின் வரிசை பிறழாமல் கொஞ்சம் எழுதி, நிறைய வாசிக்க வேண்டும். கத்தகானாவை நிறைய எழுத வேண்டும்; நாடுகளின் பெயர், ஊர்களின் பெயர், உணவுகளின் பெயர் என நாள்தோறும் பத்துச் சொற்கள் போதும். ரோமன் எழுத்தையும் தமிழ்க் குறிப்பையும் எவ்வளவு விரைவில் விடுகிறீர்களோ அவ்வளவு நல்லது. சென்னையிலும் நடக்கும் ஜப்பானிய மொழித் திறன் தேர்வின் தொடக்க நிலையான என்5, இரண்டு வரிசைகளையும் வாசிக்கத் தெரிந்திருக்க வேண்டும் என்கிறது. இரண்டில் ஒன்றை மட்டும் கற்றவர் அந்த வாசலைக் கடக்க முடியாது. இன்றே ஒரு கட்டம் போட்ட ஏட்டை எடுத்து, முதல் ஐந்து உயிரெழுத்துகளைக் கையால் எழுதத் தொடங்குங்கள்.