கண்ணைப் பறித்தால் குரல் வருமா?



உங்கள் வீட்டுப் பிள்ளைகள் பலர் கொரியத் தொடர்களும் பாட்டுமாக இருக்கிறார்கள். அந்த நடிகர்களின் பெயர்கள் என் வாயில் நுழைவதில்லை. பிள்ளைகளுக்கோ தலைகீழ்ப் பாடம். அவர்களுக்கும் அதிகம் தெரிந்திராத ஒரு கொரியப் பெண்மணியைப் பற்றி இன்று எழுதுகிறேன். பெயர் ஓ ஜங்-ஹே. நடிகை, அதற்கும் முன்னால் பாடகி. பதிவு கொஞ்சம் நீளம்தான், பொறுமையாகப் படியுங்கள்.

அவர் பாடுவது பன்சோரி என்னும் கதைப்பாட்டு. மேடையில் இரண்டே பேர். ஒருவர் கையில் விசிறியோடு நின்று பாடுவார், பேசுவார், நடித்தும் காட்டுவார். மற்றவர் உட்கார்ந்து மேளம் தட்டுவார். நடுநடுவே குரல் கொடுத்துப் பாடுபவரை உற்சாகப்படுத்துவார். ஒரு முழுக்கதையைப் பாடி முடிக்க எட்டு மணி நேரம்கூட ஆகும். பன்னிரண்டு கதைகள் இருந்தனவாம்; இன்று ஐந்துதான் மிஞ்சியிருக்கின்றன. இனிமையான குரலைவிடக் கரகரத்து உழைத்த குரலுக்கே இதில் மதிப்பு. அதற்காக அருவிக்கரையில் நின்று, நீரின் இரைச்சலை மிஞ்சும்படி பாடிப் பழகுவார்கள்.

வெகுகாலம் இது ஆண்களின் கலையாகவே இருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஷின் ஜே-ஹியோ என்பவர் ஜின் சே-சோன் என்ற பெண்ணுக்குக் கற்றுக் கொடுத்தார். பெயர் பெற்ற முதல் பெண் பாடகி அவர்தான். அவருடைய ஊரான கோச்சாங்கில் 1917-ல் பிறந்தவர் கிம் சோ-ஹி. 1964-ல் அரசு பன்சோரியை நாட்டின் மரபுச் செல்வமாக அறிவித்தபோது, அதைக் காத்துவரும் கலைஞர்களில் ஒருவராக அவரை அங்கீகரித்தது. அந்தக் கிம் சோ-ஹியின் கடைசிக் காலச் சீடர்தான் நம் ஓ ஜங்-ஹே. 1971-ல் தென்மேற்கே மோக்போ என்ற துறைமுக நகரில் பிறந்தவர்.

1992-ல் நாம்வோன் நகரில் நடந்த 'சுன்-ஹ்யாங்' அழகிப் போட்டியில் அவர் முதலிடம் பெற்றார். சுன்-ஹ்யாங் என்பவள் ஒரு பன்சோரிக் கதையின் நாயகி. அந்தக் கதை நடந்ததாகச் சொல்லப்படும் ஊர் நாம்வோன். அங்கே அவரைக் கவனித்த இயக்குநர் இம் க்வோன்-டேக், தம் அடுத்த படத்துக்கு நாயகியாக்கினார். படம் 'சோப்யோன்ஜே'. பன்சோரியின் மேற்குவழிப் பாணிக்கு அதுதான் பெயர்.

கதையைச் சொல்லாமல் மேலே போக முடியாது. யூ-போங் ஒரு நாடோடிப் பாடகர். வளர்ப்பு மகள் சோங்-ஹ்வாவுக்குப் பாட்டும், மகனாக வளர்த்த தோங்-ஹோவுக்கு மேளமும் கற்றுக் கொடுத்தபடி ஊர் ஊராக அலைகிறார். காலம் மாறுகிறது. கடைவீதியில் மேல்நாட்டு பேண்டு வாத்தியம் நுழைந்ததும் இவர்களைச் சுற்றி நின்ற கூட்டம் அங்கே ஓடிவிடுகிறது. பசியும் அடியும் தாங்காமல் பையன் ஓடிப்போகிறான். மகளும் போய்விடுவாளோ என்ற பயம் ஒருபக்கம். ஆறாத துயரம் இல்லாமல் குரலில் ஆழம் வராது என்ற நம்பிக்கை ஒருபக்கம். அந்தத் துயரத்தைக் கொரியர்கள் 'ஹான்' என்பார்கள். மருந்து கொடுத்து அவள் கண்பார்வையைப் போக்கிவிடுகிறார் யூ-போங்.

அவள் பாடும் கதைகளில் ஒன்று 'சிம்சோங்-கா'. குருட்டுத் தகப்பனுக்குப் பார்வை வரவேண்டும் என்று முந்நூறு மூட்டை அரிசிக்குத் தன்னையே விற்றுக்கொள்ளும் மகளின் கதை அது. பாட்டில் மகள் தகப்பனுக்குக் கண் தருகிறாள். படத்தில் தகப்பன் மகளின் கண்ணைப் பறிக்கிறான். இதை உணர்ந்த பிறகு அந்தப் படத்தை என்னால் சும்மா பார்க்க முடியவில்லை.

'அடியாத மாடு படியாது' என்று நம் ஊரிலும் சொல்வார்கள். யூ-போங் அதன் கடைசி எல்லை. கலைக்காகத்தானே செய்தார் என்று அவருக்காக வாதாடுபவர்கள் உண்டு. நான் வாதாட மாட்டேன். சாவதற்கு முன்னால் அவரே மகளிடம், துயரத்திலேயே புதைந்துவிடாதே, அதைத் தாண்டிப் பாடு என்கிறார். தாண்டவேண்டிய ஒன்றைத் திணிப்பானேன்? அந்த வேடத்தில் நடித்த பெண்ணைப் பாருங்கள். இரண்டு கண்ணும் நன்றாக உள்ளவர். ஓர் ஆசிரியையிடம் சேர்ந்து, கேட்டுக் கேட்டு, ஆண்டுக்கணக்கில் பாடிப் பழகித்தான் அந்தக் குரலைப் பெற்றார். ஆசிரியை கிம் சோ-ஹியின் கண்ணையும் யாரும் பறிக்கவில்லை.

படம் 1993 ஏப்ரலில் சியோலில் தான்சோங்சா தியேட்டரில் வெளியானது. ஹாலிவுட் நிறுவனங்கள் கொரியாவில் நேரடியாகப் படம் வெளியிடத் தொடங்கியிருந்த காலம். அதை எதிர்த்தவர்கள் தியேட்டருக்குள் பாம்பையே விட்டார்கள் என்றால் கோபத்தைப் பாருங்கள்! அப்படிப்பட்ட நேரத்தில், பழைய பாட்டைப் பற்றிய படம் ஓடும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. ஆனால் சியோலில் மட்டும் பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் பார்த்தார்கள். கொரியப் படம் எதுவும் அதற்குமுன் அந்த எண்ணிக்கையைத் தொட்டதில்லை. கிழவர்களின் பாட்டு என்று ஒதுக்கிய இளைஞர்கள் பன்சோரி வகுப்புகளைத் தேடிப் போனார்கள். அதே ஆண்டு நடந்த முதல் ஷாங்காய் பன்னாட்டுத் திரைப்பட விழாவில் இம் சிறந்த இயக்குநர், ஓ ஜங்-ஹே சிறந்த நடிகை. முதல் படம், வயது இருபதுகளின் தொடக்கம்.

அதன்பின் அவர் படங்களாகக் குவிக்கவில்லை. இம் இயக்கிய 'தேபேக் மலைத்தொடர்' படத்தில் 1994-லும், 'சுக்ஜே' படத்தில் 1996-லும் நடித்தார். இடையில் 1995-ல் ஆசிரியை காலமானார். சினிமாவைவிட மேடையே அவருக்கு வீடாக இருந்தது; பன்சோரியும் இசை நாடகமுமாகத் தொடர்ந்தார். 2007-ல் இம் தம் நூறாவது படத்தை எடுத்தபோது மறுபடியும் அழைத்தார். அதே சோங்-ஹ்வா வேடம். பதினான்கு ஆண்டு கழித்து, அதே பார்வையிழந்த பெண்ணாக அவர் மீண்டும் பாடினார். நடுவயதின் கனம் குரலில் ஏறியிருந்தது. எனக்கு இந்த இரண்டாவது சோங்-ஹ்வாவைத்தான் அதிகம் பிடிக்கும். உலகம் முதலாவதையே கொண்டாடுகிறது.

முழுப்படம் பார்க்க நேரமில்லாதவர்கள் ஒரு காட்சியையாவது தேடிப் பாருங்கள். சோங்சான்தோ தீவில், கல்சுவர் வைத்த வயல்பாதையில், தகப்பனும் மகளும் மகனும் தொலைவிலிருந்து நடந்து வருவார்கள். கேமரா அசையாது. ஐந்து நிமிடத்துக்கு மேல் ஒரே ஷாட். 'ஜிந்தோ அரிராங்' பாட்டு மெதுவாகத் தொடங்கி, நெருங்க நெருங்க வேகம் பிடிக்கும், மேளம் சேரும், மூவரும் ஆடத் தொடங்குவார்கள். சாப்பாட்டுக்கே வழியில்லாத அந்த மூன்று பேரும் படம் முழுவதிலும் சிரித்து ஆடுவது அங்கேதான். அப்போது சோங்-ஹ்வாவுக்குக் கண் தெரியும்.